மூத்த மாணவர் என்பவர் யார்? பல்கலைக்கழக அறிமுக வாரம் கடந்து வந்த பாதை



பல்கலைக்கழக நுழைவு முடிவுகள் வெளிவரும் நாள்களில், நான் ஆறாம் ஆண்டில் கற்பித்த பிள்ளைகள் சிலர் தொலைபேசியில் அழைப்பதுண்டு. சில வேளைகளில் பெற்றோரே அழைப்பார்கள். எந்தத் துறை, எந்த விடுதி, எவ்வளவு செலவாகும் என்ற பேச்செல்லாம் முடிந்த பின்னர், குரலைச் சற்றே தாழ்த்தி ஒரு கேள்வி வரும். "சார், அங்க சீனியருங்க பிள்ளைய ஏதும் பண்ணுவாங்களா?"

தோட்டத்தை விட்டு வெளியே தங்கியறியாத பிள்ளையை அனுப்பும் தாயின் கேள்வி அது. அதனை வெறும் அச்சம் என்று தள்ளிவிட முடியாது. அக்கேள்விக்குப் பின்னால் நெடிய வரலாறு உண்டு. பல்கலைக்கழகத்தின் வாசலில் புதியவரை எதிர்கொள்ளும் மூத்த மாணவர், ஒரு காலத்தில் சோதிப்பவராக நின்றார். இன்று வழிகாட்டியாக நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறார். இம்மாற்றம் எப்படி வந்தது, எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை ஆசிரியர்களும் பெற்றோர்களும் அறிந்திருப்பது நலம் என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மஞ்சள் அலகுக் குஞ்சுகள்

புதியவரைத் துன்புறுத்தி வரவேற்கும் கல்லூரி வழக்கம் நம் மண்ணில் முளைத்ததன்று. இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் அதன் வேரைக் காணலாம். பாரிசு பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்தவனை 'மஞ்சள் அலகு' எனப் பொருள்படும் சொல்லால் அழைத்தார்கள். இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சு என்பது கருத்து. அவன் மூத்தவர்களுக்கு விருந்து வைக்க வேண்டும். அதன் பெயரால் அவனிடம் பணம் பறிப்பதும் நடந்தது. செருமானியப் பல்கலைக்கழகங்களில் இதனை ஒரு சடங்காகவே நடத்தினர். புதியவனின் தலையில் கொம்புகளையும் வாயில் பன்றிப் பற்களையும் பொருத்தி, பின்னர் அவற்றை அறுத்தும் பிடுங்கியும் எடுப்பார்கள். விலங்காக வந்தவன் இனி மனிதன் என்பது அச்சடங்கின் பொருளாம்.

பிரெஞ்சு ஆய்வாளர் அர்னால்ட் வான் கென்னப் 1909இல் வெளியிட்ட நூலொன்றில், உலகெங்கும் உள்ள இத்தகைய சடங்குகளில் மூன்று கட்டங்கள் இருப்பதை எடுத்துக்காட்டினார். பழைய இடத்திலிருந்து பிரிதல், வாசற்படியில் நிற்றல், புதிய இடத்தில் சேர்த்துக்கொள்ளப்படுதல் ஆகியவையே அவை. நம் வீட்டுப் பூப்பு நீராட்டு விழாவிலும் திருமணத்திலும் இம்மூன்றையும் காணலாம். வாசற்படியில் நிற்பவர் அந்நேரத்தில் பழைய உறவுகளின் காப்பை இழந்திருப்பார். புதிய உறவுகள் இன்னும் கிட்டியிருக்கமாட்டா. நம் சடங்குகளில் அவ்வேளையில் அத்தையும் தாய்மாமனும் பக்கத்தில் இருப்பார்கள். கல்லூரி வாசலில் மூத்த மாணவர்தாம் இருக்கிறார்.

சிங்கப்பூருக்கு வந்த வழக்கம்

மலாயாவின் உயர்கல்வி சிங்கப்பூரில் தொடங்கியது. 1905இல் மருத்துவப் பள்ளி ஒன்று உருவாகி, பின்னர் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரி எனப் பெயர்பெற்றது. 1928இல் ராஃபிள்ஸ் கல்லூரியில் வகுப்புகள் தொடங்கின. பிரித்தானியக் கல்லூரிகளைப் பார்த்து அமைக்கப்பட்ட இவற்றில், விடுதி வாழ்க்கையோடு புதியவர்களைப் பகடிவதை செய்யும் பழக்கமும் சேர்ந்தே வந்தது. புதிய மாணவருக்கு 'ஃப்ரெஷி' என்று பெயர்.

சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் இயூ 1940இல் ராஃபிள்ஸ் கல்லூரியில் சேர்ந்தவர். 1998இல் வெளிவந்த தம் நினைவு நூலில் அந்நாள்களைக் குறிப்பிட்டிருக்கிறார். அவ்வாண்டு சிங்கப்பூர் மாணவர்களில் முதலிடம் பெற்றவர் அவர். அதனாலேயே மூத்தவர்களின் கண் அவர்மீது விழுந்தது. மூக்கினால் கோலிக்குண்டைத் தரையில் உருட்ட வைத்தார்கள். கிழிந்த பச்சைக் கழுத்துப்பட்டை அணிந்து, பச்சைக் கொடி ஏந்திப் புதியவர்களின் முன்னால் நடக்க வைத்தார்கள். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழிந்தும் கொடியின் நிறம்கூட அவருக்கு மறக்கவில்லை. விளையாட்டுக்குத்தானே என்று சொல்லுவோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

1949 அக்டோபர் 8ஆம் நாள் அவ்விரு கல்லூரிகளும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின. 1959இல் கோலாலம்பூரிலும் அதன் வளாகம் இயங்கத் தொடங்கியது. 1962 தொடக்கத்தில் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம், மலாயாப் பல்கலைக்கழகம் என இரண்டும் தனித்தனியாகப் பிரிந்தன. பழைய பழக்கம் இரண்டு வளாகங்களுக்கும் சென்றது.

ஆயினும் ஒரு நல்ல மாற்றத்தையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் 1950களின் இறுதியில் மாணவர்கள் அலங்கார ஊர்திகளைச் செய்து, ஊர்வலம் நடத்தி, அறப்பணிக்கு நிதி திரட்டத் தொடங்கினர். அதற்கு 'ராக்' நாள் என்று பெயர். பகடியைக் குறித்த அதே ஆங்கிலச் சொல்தான். பின்னாளில் 'ரிசீவ் அண்ட் கிவ்' என்று அதற்கு விரிவும் சொன்னார்கள். மூத்தவரும் புதியவரும் இரவு பகலாகச் சேர்ந்து ஓர் ஊர்தியைக் கட்டுவதால் வரும் நெருக்கத்திற்கு எவரையும் அவமானப்படுத்த வேண்டிய தேவை இருக்கவில்லை.

அந்த வாசலுக்கு நாம் வந்த வழி

பல்கலைக்கழக வாசல் தமிழர்களுக்கு எளிதில் திறந்ததன்று. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்தபோது, அதில் தமிழுக்கே முதன்மை வேண்டும் என்று தமிழ் முரசு நிறுவனர் கோ. சாரங்கபாணி குரல் கொடுத்தார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதி திரட்டப்பட்டது. தொழிலாளர்களும் சிறுவணிகர்களும் தங்களால் இயன்ற வெள்ளியைக் கொடுத்தார்கள். 1956இல் துறை தொடங்கியது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தின் வாசலை மிதித்திராதவர்கள்.

1969ஆம் ஆண்டிற்குப் பின் மலேசிய உயர்கல்வியின் முகம் மாறியது. 1969இல் பினாங்கிலும், 1970இல் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமாகவும், 1971இல் விவசாயப் பல்கலைக்கழகமாகவும் புதிய கல்விக்கூடங்கள் எழுந்தன. 1971இல் வெளிவந்த மஜிட் இஸ்மாயில் குழுவின் அறிக்கை, மலாயாப் பல்கலைக்கழக மாணவர்களின் வளாக வாழ்வையே ஆய்வுப் பொருளாகக் கொண்டது. நகரத்து ஆங்கிலப் பள்ளிகளிலிருந்து வந்தவர்களின் இடமாக இருந்த வளாகத்திற்குள், கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் பிள்ளைகள் வரத் தொடங்கினர். குடும்பத்தில் எவருமே கண்டிராத இடத்திற்கு முதல் ஆளாக வருபவருக்கு, வீட்டில் கேட்டு அறிந்துகொள்ள வழியில்லை. மூத்த மாணவரின் சொல்லே அவருக்கு வழிகாட்டு நூலாகிவிடுகிறது.

நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். ஏழு வயதில் முதலாம் ஆண்டில் புதுமுகம். ஆறாம் ஆண்டு முடிந்து, தாய்மொழிப் பள்ளியை விட்டு, புகுமுக வகுப்பிலோ முதலாம் படிவத்திலோ நுழையும்போது மீண்டும் புதுமுகம். பல்கலைக்கழகத்தில் மூன்றாவது முறை. ஒவ்வொரு முறையும் மொழியும் சூழலும் மாறுகின்றன. புகுமுக வகுப்பில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை என்று ஒதுக்கப்பட்டவர் எவ்வளவு காலம் வாய்மூடி இருந்தார் என்பதை இடைநிலைப்பள்ளி ஆசிரியர்கள் அறிவார்கள்.

சட்டமும் பெயர் மாற்றமும்

1971இல் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் வந்தது. 1974ஆம் ஆண்டின் பாலிங் ஆர்ப்பாட்டங்களை அடுத்து, 1975இல் அது கடுமையாக்கப்பட்டது. மாணவர் சங்கங்களின் கையில் இருந்த பல பொறுப்புகள் நிர்வாகத்தின் மாணவர் விவகாரப் பிரிவிற்குச் சென்றன. மாணவர் உரிமையின் நோக்கில் இதனைக் குறைசொல்வோர் பலர். அதற்குக் காரணமும் உண்டு. அறிமுக வாரத்தைப் பொறுத்தவரை நிர்வாகத்தின் பிடி இறுகியதால், மூத்தவர்கள் தங்கள் விருப்பம்போல் நடத்தும் இடம் சுருங்கியது. பகடிவதை ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றமாயிற்று.

பெயர்களும் மாறின. 'சுவாய் கெனால்', அதாவது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளுதல் என்ற பெயர் பரவலாக வழங்கியது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 'மிங்கு ஹாலுவான் சிஸ்வா' என்றார்கள். மாணவர் செல்ல வேண்டிய திசையைக் காட்டும் வாரம் என்று பொருள். அங்கே புதியவர்களுக்கு உதவும் மூத்தவருக்குப் 'பெம்பாந்து மஹாசிஸ்வா' என்று பெயர், மாணவர்க்கு உதவுபவர். வேறு இடங்களில் 'ஃபசிலிதாதோர்' எனப்படும் வழிநடத்துநர். 'சீனியர்' என்ற சொல் ஒருவரின் மூப்பை மட்டும் சொல்கிறது. 'உதவுபவர்' என்ற சொல் அவருடைய வேலையைச் சொல்கிறது.

தமிழர் வாழும் பிற நாடுகளில் இம்மாற்றம் உயிரிழப்புக்குப் பிறகே வந்தது. 1996இல் தமிழ்நாட்டில், அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் முதலாமாண்டு மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். அதனை அடுத்து 1997இல் அங்கே பகடிவதைத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. அதே 1997இல் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற தமிழ் மாணவர் வரப்பிரகாஷ், கடுமையான பகடிவதையால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு உயிரிழந்தார். 1998இல் இலங்கை நாடாளுமன்றம் தடைச் சட்டம் கொண்டுவந்தது. இவ்விரு பிள்ளைகளும் நம் வீட்டுப் பிள்ளைகளைப் போன்றே பெட்டி படுக்கையோடு சென்றவர்கள்.

சட்டம் வந்ததால் எல்லாம் முடிந்துவிட்டதாகவும் கருதலாகாது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2016இல் புதுமுக மாணவர் முகாம்களில் முறைகேடான விளையாட்டுகள் நடந்ததாகப் புகார் எழுந்து, மாணவர்கள் ஏற்பாடு செய்த அறிமுக நடவடிக்கைகளை நிர்வாகம் நிறுத்திவைத்தது. மலேசியாவில் தண்டனைச் சட்டத்தில் பகடிவதைக்கெனத் தனிப் பிரிவுகள் சேர்க்கப்பட்டு, 2025இல் நடப்புக்கு வந்தன.

துன்பம் ஏன் ஒற்றுமையைப் போலத் தோன்றுகிறது?

"நாங்களும் பட்டோம், அதனால்தான் இன்றுவரை ஒன்றாக இருக்கிறோம்" என்று சொல்லும் பழைய மாணவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம்.

1959இல் அமெரிக்க உளவியலாளர்கள் எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ் இருவரும் கல்லூரி மாணவியரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். ஒரு கலந்துரையாடல் குழுவில் சேருவதற்கு முன்னர், சிலருக்கு மிகவும் கூச்சம் தரும் சோதனையும், சிலருக்கு இலேசான சோதனையும் வைக்கப்பட்டன. மற்றவர்களுக்கு ஒன்றுமே இல்லை. பின்னர் எல்லாருக்கும் ஒரே உரையாடலைக் கேட்கக் கொடுத்தார்கள். அது வேண்டுமென்றே சலிப்பூட்டும்படி அமைக்கப்பட்டது. கடும் சோதனைக்கு ஆளானவர்களே அவ்வுரையாடலை மிகுதியாகப் பாராட்டினர். பட்ட துன்பம் வீண் என்று ஒப்புக்கொள்ள மனம் இடங்கொடுப்பதில்லை. ஆகவே கிடைத்ததை உயர்வாகக் கருதிக்கொள்கிறது.

பகடிவதை தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதற்கு இது ஒரு காரணம். பட்டவர் அதனைப் பயனுள்ளது என்று நம்புகிறார். அடுத்த ஆண்டு அதே பயனை அடுத்தவருக்கு வழங்க முற்படுகிறார். தாங்க முடியாமல் முதல் வாரத்திலேயே வீடு திரும்பியவர் இக்கணக்கில் வருவதே இல்லை. அவரைப் பழைய மாணவர் விருந்துக்கு யாரும் அழைப்பதில்லை.

வழிநடத்துநர் என்ன செய்கிறார்?

1990களின் இறுதியில் நான் படித்த பல்கலைக்கழகத்தில், இரண்டாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் வழிநடத்துநராகப் பணியாற்றினேன். பணி மிகவும் எளியது. பதிவு நாளன்று பெட்டியைத் தூக்குவது, விடுதிச் சாவி வாங்கும் வரிசையைக் காட்டுவது, பாரங்களைச் சரிபார்ப்பது, பாடப் பதிவின் கடைசி நாளை மறக்காமல் நினைவூட்டுவது, இரவில் அறை அறையாகச் சென்று எல்லாரும் சாப்பிட்டார்களா என்று கேட்பது. பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் இரவு என் குழுவைச் சேர்ந்த ஒரு மாணவி பெட்டியைக் கட்டிவிட்டதாக அறைத்தோழி வந்து சொன்னாள். தோட்டத்துப் பிள்ளை. யாரும் அவளைத் துன்புறுத்தவில்லை. தந்தையின் வருமானச் சான்றுக் கடிதத்தை அவள் கொண்டுவரவில்லை. தோட்டத்துக் கிராணி விடுமுறையில் இருந்ததால் கையொப்பம் கிடைக்கவில்லையாம். அக்கடிதம் இல்லையென்றால் எப்படியும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதற்கு முன் நாமே போய்விடலாம் என்று முடிவு செய்துவிட்டாள். மூன்று நாளாக அதனை எவரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் நானும் இன்னொரு வழிநடத்துநரும் அவளை அலுவலக முகப்பிற்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த அம்மையார் சிரித்துக்கொண்டே இரண்டு வாரத் தவணை எழுதிக் கொடுத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த ஐந்து நிமிட வேலைக்காகவே வழிநடத்துநர் தேவைப்படுகிறார். கல்வி ஆய்வாளர் வின்சென்ட் டின்டோ, மாணவர்கள் கல்லூரியை விட்டு விலகுவதைப் பற்றி 1987இல் எழுதிய நூலில், பாடத்தின் கடினம் மட்டுமே காரணமன்று என்றும், கல்வியிலும் நட்பிலும் அவ்விடத்தோடு ஒட்டாமல் போவதும் காரணம் என்றும் விளக்கினார். இறைச்சி உண்ணாத பிள்ளை எந்தக் கடையில் சாப்பிடலாம் என்று கேட்கக் கூசுவதும், விரிவுரையாளரின் ஆங்கிலம் புரியாமல் தலையாட்டுவதும், கல்விக் கடன் விண்ணப்பத்தின் நாளைத் தவறவிடுவதும் அந்த ஒட்டாமையின் தொடக்கங்கள். இவற்றைப் பேராசிரியரிடம் கேட்க முடியாது. ஓராண்டுக்கு முன் அதே இடத்தில் விழித்துக்கொண்டு நின்ற ஒருவரிடம் கேட்கலாம்.

நம்மவர் நடத்தும் தனி அறிமுகம்

இனி, நமக்குள் பேசிக்கொள்ள வேண்டிய ஒன்று. அதிகாரபூர்வ வாரம் முடிந்த பிறகு, இந்திய மாணவர்களுக்கென்று தனியாக ஓர் 'அறிமுகம்' நடத்தும் பழக்கம் சில வளாகங்களில் இருந்து வந்திருக்கிறது. இரவில் விடுதியின் ஒரு மூலைக்கு அழைப்பார்கள். மூத்தவர் எல்லாரின் பெயர், ஊர், துறை ஆகியவற்றை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். தடுமாறினால் ஏச்சு. நானும் முதலாமாண்டில் அவ்வரிசையில் நின்றவன். பல்கலைக்கழகம் அளித்த வழிநடத்துநர்களில் பிற இனத்தவர் என் பெட்டியைத் தூக்கி உதவினர். என் மொழி பேசியவர்களே என்னைப் பெயர் கேட்டு ஏசினர். அதன் கசப்பு எளிதில் போகவில்லை. நான் பின்னர் வழிநடத்துநராக விண்ணப்பித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்பழக்கத்திற்கு ஆதரவாகச் சொல்லப்படுவதை நான் அறிவேன். வளாகத்தில் நாம் சிறுபான்மையினர்; ஒருவரையொருவர் அறிந்திருந்தால்தான் பழைய வினாத்தாள்களும் பாடக்குறிப்புகளும் கைமாறும்; நோயுற்றால் பார்க்க ஆள் இருக்கும். இவையெல்லாம் உண்மை. எனக்கும் மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவர் தம் குறிப்பேடுகளைக் கொடுத்தார். ஆனால் அவர் அன்றிரவு ஏசியவர்களில் ஒருவரல்லர். உதவியையும் ஏச்சையும் ஒரே பொட்டலத்தில் கட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் பொங்கல் விழாவும் கலை இரவும் நடத்தும் நம் மாணவர்களுக்கு, புதியவரை ஒரு வேலையில் சேர்த்துக்கொண்டு பழகுவது எப்படி என்று சொல்லித்தர வேண்டியதே இல்லை.

நாம் செய்யக்கூடியவை

ஆசிரியர்களே, இதற்கான பயிற்சி நம் பள்ளியிலேயே தொடங்கலாம். நம் தமிழ்ப்பள்ளிகளில் 'பெம்பிம்பிங் ராக்கான் செபாயா' எனப்படும் சக மாணவ வழிகாட்டிகள் இருக்கிறார்கள். அவர்களைச் சின்னம் அணிந்து வரிசையைச் சரிசெய்பவர்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஆண்டுத் தொடக்கத்தில் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கழிவறை எங்கே, சிற்றுண்டிச்சாலையில் காசை எப்படிக் கொடுப்பது என்று காட்டும் வேலையை அவர்களிடம் ஒப்படையுங்கள். பதினொரு வயதில் சிறியவரின் கையைப் பிடித்து நடந்த பிள்ளைக்கு, இருபது வயதில் அதனை மீண்டும் செய்வது கடினமாக இராது. ஆறாம் ஆண்டு முடிக்கும் மாணவர்களிடம், இடைநிலைப்பள்ளியில் பயிலும் நம் பழைய மாணவர்களை அழைத்து வந்து பேச வைப்பதும் பயன் தரும்.

பெற்றோர்களே, பிள்ளையை அனுப்பும் முன் ஆவணங்களை ஒரு கோப்பில் இரு நகல்களோடு அடுக்கிக் கொடுங்கள். ஏதேனும் குறைந்திருந்தால் கேட்கலாம், அதற்காக யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். விடுதிப் பொறுப்பாளரின் எண்ணையும் வழிநடத்துநரின் எண்ணையும் முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரவில் தனியிடத்திற்கு அழைப்பவர் யாராயினும், நம் இனத்தவரே ஆயினும், மறுக்கும் உரிமை உனக்கு உண்டு என்று அறிவுறுத்துங்கள். ஏதேனும் நேர்ந்தால் பொறுத்துக்கொள் என்று சொல்லாதீர்கள். உடனே விடுதிப் பொறுப்பாளரிடமும் மாணவர் விவகாரப் பிரிவிடமும் தெரிவியுங்கள்.

இரண்டாம் ஆண்டுக்குச் செல்லும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், வழிநடத்துநர் பணிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். விடுமுறை குறைகிறதே என்று தடுக்காதீர்கள். அடுத்த ஆண்டு வேறொரு தோட்டத்திலிருந்து வரும் பிள்ளை, கடிதம் ஒன்று குறைவதற்காகப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கக்கூடும். அதனை அவிழ்க்க அங்கே ஓர் அண்ணனோ அக்காவோ இருக்க வேண்டும்.